கொடியை வெட்ட என்ன அவசரம்?

கேள்வி: வணக்கம் மேடம். பாலக்கோடு பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. குழந்தை பிறந்து ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் கழித்துத்தான் தொப்புள் கொடிக்கு கிளாம்ப் போட்டு வெட்ட வேண்டும் என்று படிக்கும்போது சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே மூத்த சிஸ்டர்கள் குழந்தை வந்த கையோடு வெட்டிவிடுகிறார்கள். கேட்டால், "மஞ்சள் காமாலை வரும், அம்மாவுக்கு ரத்தப்போக்கு அதிகமாகும், நம்ம ஊர்ப் பெண்களுக்கு ஏற்கெனவே ரத்தம் கம்மி, அதையும் குழந்தை இழுத்துக்கும்" என்கிறார்கள். குழந்தையை அம்மாவின் வயிற்றின் மேல் வைத்தால் ரத்தம் கொடி வழியாகத் திரும்பிப் போய்விடும் என்று ஒரு சிஸ்டர் சொல்கிறார். என் பாட்டி பென்னாகரம் பக்கம் மருத்துவச்சியாக இருந்தவர். "நஞ்சு விழாம நாங்க கொடியத் தொடவே மாட்டோம்" என்கிறார். நஞ்சு என்று அவர் சொல்வது பிளாசென்டாவை. பாட்டி சொல்வது சரியா, சிஸ்டர்கள் சொல்வது சரியா, புத்தகம் சொல்வது சரியா? இதை அங்கே வாய்விட்டுக் கேட்கவும் பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், தருமபுரி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

புத்தகம் சரி. பாட்டி பாதிக்கு மேல் சரி. உங்கள் சிஸ்டர்கள், அவர்கள் படித்த காலத்துக்குச் சரி. அந்தக் காலத்தில் படித்தவள்தான் நானும். அதனால் அவர்கள் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நான் லேபர் வார்டுக்குள் நுழைந்தபோது வேகம்தான் திறமை. குழந்தை முழுசாக வெளியே வந்து வாயைத் திறப்பதற்குள் கொடியில் இரண்டு ஃபோர்செப்ஸ் மாட்டியிருக்கும், நடுவில் கத்தரி ஓடியிருக்கும். "கை சுறுசுறுப்பான பொண்ணு" என்று பெயர் வாங்கினேன். கிட்டத்தட்ட இருபது வருஷம் அப்படித்தான் வெட்டினேன். ஏன் உடனே வெட்டுகிறோம் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. பிரசவத்துக்குப் பின் தாய்க்கு வரும் ரத்தப்போக்கைக் குறைக்க மூன்று வேலைகளை ஒரு கட்டாகச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள்: கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி, உடனே கொடியை வெட்டுவது, கொடியைப் பிடித்து மெதுவாக இழுத்து நஞ்சை எடுப்பது. அந்தக் கட்டு வேலை செய்தது, எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றியது. ஆனால் அதில் உயிரைக் காத்தது பெரும்பாலும் ஊசி. உடனே வெட்டுவது கூடவே ஒட்டிக்கொண்டு வந்த பழக்கம். பின்னாளில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்த்ததில், உடனே வெட்டுவதால் தாயின் ரத்தப்போக்கு குறையவில்லை என்று தெரிந்தது. அதனால் அது மட்டும் கட்டிலிருந்து கழன்றது. உலக சுகாதார நிறுவனம் 2012லும் 2014லும், குறைந்தது ஒரு நிமிடமாவது காத்திருந்து கிளாம்ப் போடுங்கள் என்று எழுதியே விட்டது. நம் நாட்டில் 2018ல் வந்த ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்திலும் இது இருக்கிறது. சத்து மாத்திரை, குடற்புழு மாத்திரையோடு கூடவே கொடியைத் தாமதித்து வெட்டுவதையும் சேர்த்திருக்கிறார்கள். ரத்தசோகைத் திட்டத்துக்கும் லேபர் வார்டுக் கத்தரிக்கும் என்ன சம்பந்தம்? உங்கள் கடிதம் முழுவதற்குமான பதில் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

குழந்தை வெளியே வந்த நொடியில் அதன் ரத்தம் முழுவதும் அதன் உடம்புக்குள் இல்லை. மூன்றில் ஒரு பங்கு போல நஞ்சிலும் கொடியிலும் நிற்கிறது. வயிற்றுக்குள் இருந்தவரை நுரையீரலுக்கு வேலை இல்லை, அங்கே கொஞ்சம் ரத்தம்தான் போய்க்கொண்டிருந்தது. முதல் மூச்சு இழுத்ததும் நுரையீரல் விரிகிறது, திடீரென்று அதற்கு நிறைய ரத்தம் வேண்டும். அந்த ரத்தம் நஞ்சிலிருந்து கொடி வழியாக வருகிறது. முதல் நிமிடத்திலேயே பெரும்பகுதி வந்துவிடும், மூன்று நிமிடத்தில் ஏறக்குறைய முடிந்துவிடும். நிறைமாதக் குழந்தைக்கு இது 80லிருந்து 100 மில்லி வரை. டீக்கடைச் சின்ன கிளாஸ் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது பெரிசில்லை. ஆனால் மூன்று கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே கால் லிட்டர்தான். வந்த கையோடு வெட்டினால் அந்த ஒரு கிளாஸை நஞ்சோடு சேர்த்து வாளியில் கொட்டுகிறோம்.

அந்த ஒரு கிளாஸில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும்தான் என்று நாமே சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். அந்த ஆறு மாதமும் குழந்தை எதை வைத்து ரத்தம் ஊற வைக்கும்? பிறக்கும்போது கொண்டுவந்த கையிருப்பை வைத்துத்தான். ஸ்வீடனில் 2011ல் வந்த ஆய்வில், உடனே வெட்டிய குழந்தைகளோடு தாமதித்து வெட்டியவர்களை நான்காவது மாதம் ஒப்பிட்டார்கள். தாமதித்தவர்களிடம் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 45 சதவீதம் அதிகம் இருந்தது. ஸ்வீடன் வசதியான நாடு, நமக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்பார்கள். நேபாளத்தில் செய்த ஆய்வு 2017ல் வெளிவந்தது. அங்கே எட்டாவது மாதத்தில் ரத்தசோகை உள்ள குழந்தைகள், உடனே வெட்டியவர்களில் 82 சதவீதம், மூன்று நிமிடமாவது காத்திருந்தவர்களில் 73 சதவீதம். காத்திருந்தும் 73 என்றால் அது வறுமையின் கணக்கு. அதைக் கத்தரியால் மட்டும் சரிசெய்ய முடியாது. ஆனாலும் 100 குழந்தைகளில் ஒன்பது பேர் தப்பியிருக்கிறார்கள், ஒரு பைசா செலவில்லாமல்.

இங்கே நம் நிலவரம் என்ன? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளில் 57 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் ரத்தசோகை. நம் மாவட்டங்களில் சின்ன வயதில் கல்யாணமாகி, எட்டு ஒன்பது ஹீமோகுளோபினோடு பிரசவத்துக்கு வரும் பெண்களை நீங்களே தினமும் பார்க்கிறீர்கள்.

நம் செவிலியர்களுக்கு இந்த விஷயம் ஏன் மனசில் ஏறுவதில்லை என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். எனக்குத் தோன்றுவது இது. லேபர் வார்டில் இருப்பவருக்கு ரத்தப்போக்கு கண்ணெதிரே தெரியும், குழந்தை நீலமாவது கண்ணெதிரே தெரியும். மூன்றாம் நாள் காமாலை வந்தால் அந்தக் குடும்பம் திரும்பி வந்து நம்மிடம்தான் நிற்கும். காத்திருந்ததால் வரும் நன்மையோ லேபர் வார்டில் தெரிவதே இல்லை. ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசிக்கு வரும்போது, அங்கன்வாடியில் உட்கார்ந்து குழந்தையின் கண் இமையை இழுத்துப் பார்க்கும் கிராம சுகாதார செவிலியருக்குத்தான் அது தெரியும். வெளுத்த குழந்தையைப் பார்ப்பவர் கொடியை வெட்டியவர் இல்லை. வெட்டியவர் அந்தக் குழந்தையை மறுபடி பார்ப்பதே இல்லை. அதனால்தான் வகுப்பில் "ஒன்றிலிருந்து மூன்று நிமிடம்" என்று சரியாக எழுதி மார்க் வாங்கியவர்கள்கூட வார்டில் பத்தாவது நொடியில் வெட்டுகிறார்கள். விதி தெரியும், எதற்கென்று தெரியாது. எதற்கென்று தெரியாத விதியைக் கூட்டம் சேர்ந்த ராத்திரியில் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, சிஸ்டர்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன்.

தாய்க்கு ரத்தம் கம்மி, அதையும் குழந்தை இழுத்துவிடும் என்பது இந்தப் பக்கத்தில் நான் அதிகம் கேட்ட பயம். தாயின் மேல் உள்ள அக்கறையில் வருவது, அதனால் கோபப்படாமல் விளக்க வேண்டும். கொடியில் ஓடுவது தாயின் ரத்தம் அல்ல. நஞ்சில் தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் சுவருக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நிற்கின்றன, கலப்பதில்லை. சத்தும் பிராணவாயுவும்தான் சுவர் தாண்டும். மூன்று நிமிடம் காத்திருந்தால் குழந்தைக்குப் போவது அதனுடைய சொந்த ரத்தமே. தாயிடமிருந்து ஒரு சொட்டும் குறையாது. அதிலும், தாய்க்கு ரத்தசோகை என்றால் குழந்தையின் கையிருப்பும் குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு. அந்தக் குழந்தைக்குத்தான் இந்த நிமிடங்கள் இன்னும் அதிகம் தேவை.

ரத்தப்போக்கு பற்றி மேலே சொல்லிவிட்டேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: காத்திருப்பது கொடிக்குத்தான், ஊசிக்கு இல்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்து உள்ளே இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு நிமிடத்துக்குள் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போட்டுவிடுங்கள். கொடி துடித்துக்கொண்டிருக்கும்போது போடுவதால் குழந்தைக்குக் கேடில்லை. "கொடி வெட்டிய பிறகுதான் ஊசி" என்று வரிசை வைத்துக்கொண்டு, கொடிக்காக ஊசியையும் தள்ளிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஆபத்து.

காமாலைப் பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறைக்க வேண்டாம். 2013ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பில், தாமதித்து வெட்டியவர்களில் நீல விளக்கு தேவைப்பட்ட குழந்தைகள் 100க்கு இரண்டு பேருக்கும் குறைவாகவே கூடுதல். நீல விளக்கு வைத்தால் சரியாகிவிடுகிற பிரச்சினை அது. அதனால் காமாலையைக் கவனிக்க ஆள் இருக்கும் இடத்தில் தாமதிப்பதே நல்லது என்று அந்தத் தொகுப்பே சொல்கிறது. பிரசவமான பெண்ணை 48 மணி நேரம் உள்ளே வைத்திருக்கிறீர்கள் அல்லவா, டிஸ்சார்ஜ் ஆகும்போது குழந்தையைப் பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரம் கொண்டுபோய்த் தோலை அழுத்திப் பாருங்கள். முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, கை கால் பாதம் வரை இறங்கினாலோ, உடனே மேலிடத்துக்கு அனுப்புங்கள். வீட்டுக்குப் போன பிறகு மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் பார்க்கச் சொல்லி கிராம சுகாதார செவிலியருக்கு ஒரு போன் போடுங்கள். போகும்போது "காலை வெயில் காட்டினால் போதும்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்.

வயிற்றின் மேல் வைத்தால் ரத்தம் திரும்பிவிடும் என்பது பழைய பாடப் புத்தகத்துச் செய்தி. குழந்தையைத் தாயின் இடுப்பு மட்டத்துக்குக் கீழேயே பிடித்திருக்க வேண்டும் என்று நாங்களும் படித்தோம். வழுவழுவென்று ஈரமாக இருக்கும் குழந்தையை ஒரு நிமிடம் அந்தரத்தில் பிடித்துப் பாருங்கள், கை நடுங்கும்! அர்ஜென்டினாவில் பிறந்த உடனே குழந்தைகளை எடை போட்டு, சில நிமிடம் கழித்து மறுபடி எடை போட்டுப் பார்த்தார்கள். கீழே பிடித்தாலும் தாயின் வயிற்றில் வைத்தாலும் ஏறிய எடை ஏறக்குறைய ஒன்றேதான். 2014ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதனால் தயங்காமல் தாயின் வயிற்றிலோ மார்பிலோ வையுங்கள்.

குளிர் பற்றி உங்கள் சிஸ்டர்கள் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி ராத்திரியில் பிரசவம் பார்த்தவர்களுக்குத் தெரியும். காத்திருக்கும் நேரத்தில் ஈரத்தோடு குழந்தை கிடந்தால் நாம் செய்தது நல்லதல்ல. ஃபேனை நிறுத்துங்கள். வெதுவெதுப்பான துணியால் துடைத்து, அந்த ஈரத்துணியை எடுத்துப் போட்டுவிட்டு, இன்னொரு காய்ந்த துணியால் தாயையும் பிள்ளையையும் சேர்த்து மூடுங்கள், தலைக்குத் தொப்பி. துடைக்கும்போதே அழுகையைப் பாருங்கள், மூச்சைப் பாருங்கள். இந்த வேலைகளை முடிப்பதற்குள்ளேயே ஒரு நிமிடம் ஓடியிருக்கும். சும்மா நிற்பதாகத் தோன்றுவதால்தான் கை கத்தரியைத் தேடுகிறது. வேலை இருந்தால் தேடாது.

இன்னொன்று, நேரத்தை யார் பார்ப்பது? நம் கணக்கில் ஒரு நிமிடம் என்பது இருபது நொடி. குழந்தை பிறந்ததும் ஒருவர் உரக்க நேரம் சொல்ல வேண்டும். அவரே ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று சொல்லட்டும். நீங்கள் மட்டும் தனியாக இருக்கும் இரவில் ஆயாம்மாவிடம் சொல்லி வையுங்கள், அவர்கள் நம்மைவிடக் கறாராகப் பார்ப்பார்கள். மணியோடு சேர்த்துக் கொடியையும் பாருங்கள். முதலில் தடித்து, நீலம் பாய்ந்து, தொப்புளுக்குப் பக்கத்தில் விரல் வைத்தால் துடிக்கும். போகப் போக மெலிந்து, வெளுத்து, தொய்ந்துவிடும். துடிப்பு நின்றுவிட்டதா என்ற சந்தேகத்தில் பத்து நிமிடம் விரலை வைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மூன்று நிமிடம் போதும்.

காத்திருக்கவே கூடாத நேரங்கள் உண்டு. தாய்க்கு ரத்தம் கொட்டுகிறது, நஞ்சு முன்கூட்டியே பிரிந்துவிட்டது, கொடி அறுந்துவிட்டது என்றால் உடனே வெட்டிவிடுங்கள். நஞ்சு கீழே இறங்கி ரத்தம் போகும் தாய்மாரும், ஒரே நஞ்சைப் பகிரும் இரட்டையரும் உங்கள் நிலையத்தில் இருக்கவே கூடாது. முன்பே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். குழந்தை அழவில்லை என்றால் கொடியோடு வைத்தே துடைத்து, முதுகைத் தேய்த்துப் பாருங்கள். அப்படியும் மூச்சு வரவில்லை, மூச்சு கொடுக்கும் பேக் மாஸ்க் தேவை என்று பட்டால், கொடியை வெட்டிக் குழந்தையைச் சூடு தரும் வார்மருக்குக் கொண்டுபோங்கள். அந்த நேரத்தில் முதல் நிமிடத்துக்குள் மூச்சு கொடுப்பதே முக்கியம், ரத்தம் அப்புறம். எச்.ஐ.வி. உள்ள தாய் என்றால் பயத்தில் உடனே வெட்டுகிறார்கள். அது தேவையில்லை, அவர்களுக்கும் காத்திருக்கலாம் என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குறைமாதக் குழந்தை அழுகிறது என்றால், அதற்கு இந்தக் காத்திருப்பு நிறைமாதக் குழந்தையைவிடப் பெரிய உதவி, உயிர் பிழைப்பதிலேயே வித்தியாசம் தெரிகிறது. ஆனால் அவசரத்துக்கு என்று கொடியை விரலால் உருவி ரத்தத்தைக் குழந்தை பக்கம் தள்ளி விடாதீர்கள். 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு அதனால் மூளையில் ரத்தக்கசிவு அதிகமானது.

போகிற போக்கில் ஒன்று. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் தனியார் கொடி ரத்த வங்கிக்குப் பணம் கட்டலாமா என்று தாய்மார்கள் கேட்பார்கள். வருங்காலத்தில் தன் குழந்தைக்கே பயன்படும் என்று அப்படிச் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கவில்லை. அந்த ரத்தம் இன்றைக்கே பயன்படும் இடம் குழந்தையின் உடம்பு.

இனி பாட்டி. நஞ்சு விழும் வரை தொடாமல் இருந்த பாட்டியின் கை, குழந்தைக்கு வர வேண்டியதை முழுசாக வர விட்டது. அந்தக் காலத்துக் கிழவிகள் பலரிடம் நான் இதையே கேட்டிருக்கிறேன். "கொடியில உசிரு இருக்கு" என்பார்கள். சித்தேரி மலைப் பக்கத்து அம்மா ஒருவர், அது துடிக்கும்போது அறுத்தால் பிள்ளை சோர்ந்துபோகும் என்றார். சார்லஸ் டார்வினின் தாத்தா எராஸ்மஸ் டார்வின் மருத்துவர். அவரும் கொடியைச் சீக்கிரம் கட்டி அறுப்பது குழந்தைக்குக் கெடுதல் என்று 1801ல் எழுதியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு அதைச் சொன்னபோது, "அவன் எத்தினி பேறு பாத்தான்?" என்று கேட்டார்.

ஆனால் பாட்டியை முழுசாகப் பின்பற்ற முடியாது. மூன்று நிமிடத்துக்குப் பிறகு வருவது சொற்பம். நஞ்சு விழக் காத்திருப்பது அரை மணி தாண்டினால் தாய்க்கு ஆபத்து, அதற்குள் 108க்குச் சொல்லியாக வேண்டும். அப்புறம், அரிவாளும் பழைய பிளேடும் அறுத்த கொடி, அதன் மேல் வைத்த சாம்பலும் சாணமும் எத்தனை பச்சைப் பிள்ளைகளை ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) கொடுத்தன என்பதை மறந்துவிடக் கூடாது. 2015ல்தான் பச்சிளங்குழந்தை ரணஜன்னி இந்தியாவில் ஒழிந்ததாக உறுதி செய்தார்கள். பாட்டியின் பொறுமையும் உங்கள் சுத்தமான கத்தரியும் சேர்ந்தால் போதும். வெட்டிய பிறகு தொப்புள் மேல் எதுவும் வைக்க வேண்டாம், காய்ந்து தானாக விழட்டும்.

சிஸ்டர்களிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்களுக்கு உண்மையில் கஷ்டம் என்று கடிதத்தின் கடைசி வரியில் தெரிகிறது. எட்டு மாதத்துப் பெண் இருபது வருஷத்துக் கையைப் பார்த்து "தப்பு" என்று சொன்னால் அந்த வார்டில் இருக்க முடியாது. நீங்கள் பார்க்கும் பிரசவத்தில் மட்டும் காத்திருங்கள். கேஸ் ஷீட்டில் பிறந்த நேரத்துக்குப் பக்கத்தில் கிளாம்ப் போட்ட நேரத்தையும் எழுதுங்கள். யாரும் கேட்காமலேயே எழுதுங்கள். நான் மாறியது புத்தகத்தால் இல்லை. ஒரு ஜூனியர் பெண், "சிஸ்டர், கையுறையோட இங்க ஒரு விரல் வச்சுப் பாருங்களேன்" என்றாள். வைத்தேன். குழந்தை பிறந்து ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியும் விரலுக்கடியில் அடித்துக்கொண்டிருந்தது. இருபது வருஷம் நான் வெட்டியது இதைத்தானா என்று இருந்தது. அன்றைக்குக் கத்தரியை ட்ரேயில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தவள்தான்.

முடிந்தால் மாதக் கூட்டத்தில் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம், ஒன்பது மாதக் குழந்தைகளில் எத்தனை பேர் வெளுத்திருக்கிறார்கள் என்று சிஸ்டர்கள் காதில் விழும்படி கேளுங்கள். ஆறு மாதம் முடிந்ததும் வாரம் இரண்டு முறை ஒரு மில்லி இரும்புச் சத்து சிரப் கொடுக்க வேண்டும் என்பதையும் அப்படியே ஞாபகப்படுத்தலாம். கொடிக்காகக் காத்திருந்தோம் என்பதற்காக அதை விட்டுவிட முடியாது.

பாட்டியிடம் எனக்காக ஒன்று கேட்டு எழுதுங்கள். நஞ்சு விழ நேரமானால், கொடி "ஓய்ஞ்சிருச்சு" என்பதை அவர் எதை வைத்துச் சொல்வார், நிறத்தை வைத்தா, விரலை வைத்தா?